அத்தை நட்ட முருங்கைப் போத்து

முருங்கை மரம் என்றாலே நமக்கெல்லாம் முதலில் வேதாளம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் முருங்கையில் ஒரு வேதாளத்தையும் பார்த்ததில்லை. கம்பளிப்பூச்சியைத்தான் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அடிமரத்தில் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டிருக்கும். கொடியில் காயப் போட்ட துணியில் ஒன்று ஏறிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். "இந்த மரத்தை வெட்டிப் போட்டால்தாங்க நமக்கு நிம்மதி" என்று என் கணவரிடம் எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறேன்.

அந்த நானேதான் இன்றைக்கு முருங்கைக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். செடி கொடிகளுக்கும் நமக்கும் உள்ள சொந்தம் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிய வைத்தது எந்தப் பெரிய புத்தகமும் இல்லை. என் மாமியாரும், அவர் நட்ட ஒரு முருங்கைப் போத்தும்தான்.

தலையில் சுமந்த காடு

நாங்கள் இருப்பது வண்டலூர். வெளியூர்க்காரர்களுக்கு வண்டலூர் என்றால் ஜூ; இப்போது 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. எங்களுக்கோ வண்டலூர் என்றால், விடியற்காலையில் அடுப்பு பற்ற வைக்கும்போது தூரத்தில் கேட்கிற சிங்கத்தின் உறுமல்தான். புதிதாக வந்தபோது நான் பயந்து நடுங்கியிருக்கிறேன். "அது பசிக்குக் கத்துது, நீ உலைய வை" என்பார் அத்தை.

அந்த ஜூவுக்கும் ஒரு கதை உண்டு. 1855ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னையில் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலை அது. பிறகு பார்க் டவுன் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டி வெகுகாலம் இருந்தது. இடம் போதவில்லை என்று 1985ல் வண்டலூர் காப்புக்காட்டுக்கு மாற்றினார்கள். அதுதான் இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. ஏறக்குறைய 1,500 ஏக்கர். ஆனால் அந்த இடம் அப்போது காடு என்ற பேரில் இருந்த முட்புதர். பூங்கா ஊழியர்களும் சுற்றுவட்டார ஜனங்களும் சேர்ந்து ஆயிரம் ஆயிரமாக மரக்கன்று நட்டுத்தான் அதை மறுபடி காடாக்கினார்கள்.

என் மாமியார் அந்த ஜனங்களில் ஒருவர். கூலிக்குக் கன்று சுமந்தவர். "அப்போ இங்க முள்ளும் கல்லும்தாம்மா. குழி வெட்டுறது ஆம்பிளைங்க, கன்னு தூக்குறதும் தண்ணி ஊத்துறதும் நாங்க. ஒரு நாளைக்கு எத்தினி நடைன்னு கணக்கே கெடையாது" என்பார். குழந்தைகளை அழைத்துக்கொண்டு நாங்கள் ஜூவுக்குப் போனால், எல்லோரும் புலியைப் பார்ப்போம். அத்தை மட்டும் மேலே அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இது நான் தண்ணி ஊத்துனதாக்கூட இருக்கும்" என்று அடிமரத்தைத் தட்டிக் கொடுப்பார். என் பெண்ணும் பிள்ளையும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் நிழல் என்று இருப்பதெல்லாம் இப்படி யாரோ சிலர் மெனக்கெட்டு வளர்த்ததுதான். தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குள் போனால் வெயில் தெரியாது. 1937ல் அந்தக் கல்லூரி நகரத்திலிருந்து சேலையூர் காட்டுப் பக்கம் வந்தபோது, வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் மரம் வளர்ப்பதையே தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்களாம். அவர்கள் பெயராவது எழுத்தில் இருக்கிறது. தலையில் கன்று சுமந்த அத்தை மாதிரிப் பெண்களின் பெயர் எந்த மரத்திலும் எழுதியிருக்காது.

வர்தா வந்த அன்று

2016 டிசம்பர் 12ஆம் தேதியை எங்கள் பக்கத்து ஜனங்கள் மறக்கவே முடியாது. ஏற்கனவே அந்த வருஷக் கடைசி சரியில்லாத காலம். பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. பணம் எடுக்கும் மெஷின் முன்னால் நின்று நின்று கால் வீங்கிப் போயிருந்தோம். கையில் காசு இல்லை. அந்த நேரம் பார்த்து வந்தது வர்தா புயல். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். பிற்பகலில் மடமடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், எங்கள் முருங்கை வேரோடு சாய்ந்து மதில்மேல் கிடந்தது.

முருங்கை விழுந்ததில் ஆச்சரியமில்லை. அதன் கட்டை பஞ்சு மாதிரி. குழந்தை ஏறினாலே கிளை முறியும். ஆனால் மறுநாள் தெருவில் இறங்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தூங்குமூஞ்சி, குல்மோகர், மஞ்சள் பூப் பூக்கும் இயல்வாகை என்று வரிசை வரிசையாக விழுந்து கிடந்தன. வேகமாக வளரட்டும், சீக்கிரம் நிழல் தரட்டும் என்று சாலையோரம் வைத்த மரங்கள். அடிமரம் வரைக்கும் சிமெண்டு போட்டு, கேபிளுக்கும் சாக்கடைக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்து வேரை வெட்டிவிட்டால், மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பனை மரங்கள் மட்டும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன.

ஜூவுக்குள் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்துவிட்டன, பூங்காவையே மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும் சொன்னார்: "வளக்க முப்பது வருஷம். சாய்க்க அரை நாளு."

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து, "யக்கா, வுழுந்த முருங்கையில ஒரு போத்து வெட்டிக்கட்டுமா?" என்று அத்தையிடம் கேட்டாள். "எடுத்துக்க" என்றார் அத்தை. அவள் கை மணிக்கட்டுப் பருமனில், இடுப்பு உயரத்துக்கு ஒரு கிளையை வெட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள்.

நாங்கள் செய்த தப்பு

மரம் போன பிறகு வாசல் வெறிச்சென்று கிடந்தது. மழை பெய்தால் ஒரே சேறு. "இனிமேல் கம்பளிப்பூச்சியும் இல்லை, குப்பையும் இல்லை. பேசாமல் சிமெண்டு போட்டுவிடலாம்" என்று நான்தான் சொன்னேன். என் கணவரும் சரியென்றார். 2017 மாசியில் வாசல் முழுக்க மழமழவென்று சிமெண்டுத் தளம். கூட்டுவதற்கு எவ்வளவு சௌகரியம்! நாலு வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமைதான்.

அந்த ஐப்பசியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, பால் பாக்கெட்டை எடுக்க வெளியே போன அத்தை அந்த மழமழ சிமெண்டில்தான் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயசு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார்: "படுத்தே இருக்க விடாதீங்க. வயசானவங்க படுக்கையிலேயே கிடந்தா புண் வரும், நெஞ்சில சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும். வாக்கரைப் பிடிச்சு தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கணும்."

ஆனால் அத்தை எழுந்திருக்க மறுத்துவிட்டார். உடற்பயிற்சி சொல்லித் தர வந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள். "வலிக்குது, வுடும்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அரை இட்லி, ஒரு வாய்க் கஞ்சி. கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. தலை வாருவது நான், ஊட்டுவது நான், தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுப்பது என் பெண். கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டோம். கீரை ஆய்கிறேன் என்று ஒரு நாள் கேட்டார். "உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம், நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கி வைத்துவிட்டேன். பாசம்தான். ஆனால் முப்பது வருஷம் காட்டுக்குத் தண்ணீர் ஊற்றின கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் செய்துவிட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிந்ததோ, வெயில் அடிக்கிற சிமெண்டும் மதில் சுவரும்தான்.

"இது உங்க மரந்தான்"

மார்கழி கடைசியில் ஒரு நாள் பின்தெரு அம்மா அத்தையைப் பார்க்க வந்தாள். கையில் ஆப்பிளோ ஹார்லிக்ஸோ இல்லை. ஒரு கட்டு முருங்கைக் கீரையும், இடுப்பு உயரத்துக்கு ஒரு போத்தும்! "யக்கா, இது உங்க மரந்தான். அன்னிக்கு எடுத்தும்போன போத்து இப்ப கூரைக்கு மேல நிக்குது. அதுல வெட்டினது" என்று போத்தைக் கட்டில் காலில் சாய்த்து வைத்தாள்.

அத்தை அந்தக் கிளையைத் தடவிப் பார்த்தார். பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், தானாக ஒரு வேலை சொன்னார்: "கொஞ்சம் சாணி எடுத்தா. வெட்டின மொனையில அப்பணும். தண்ணி எறங்கினா அழுவிடும்."

என் கணவர் அன்றே சுத்தியலும் உளியும் எடுத்துவந்து ஜன்னலுக்கு நேரே இரண்டடிக்கு இரண்டடி சிமெண்டை உடைத்தார். ஒன்றரை அடிக் குழி, கொஞ்சம் மணல், கொஞ்சம் மக்கின எரு. மேல் முனையில் சாணி உருண்டையைத் தன் கையாலேயே பிடித்து வைத்தார் அத்தை, படுக்கையில் உட்கார்ந்தபடியே. "தண்ணிய நான் சொல்லும்போதுதான் ஊத்தணும். முருங்கைக்கு ஈரம் ஆவாது" என்று உத்தரவும் போட்டார்.

மறுநாள் காலையில் என் பெண்ணைக் கூப்பிட்டு, "மண்ணு காஞ்சிருக்கா பாரு" என்றார். அவள் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலுக்குப் போகிற அவசரம். "நீங்களே வந்து பாருங்க ஆயா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அத்தை கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாக்கர எடு" என்றார். பாருங்கள், படுக்கையிலிருந்து பார்த்தால் போத்தின் தலை தெரியும், அடிமண் தெரியாது. மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் வாசல் வரை நடந்துதான் ஆக வேண்டும்.

முதல் நாள் நிலைப்படி வரைக்கும். நாலு நாள் கழித்து வாசல்வரைக்கும். மூன்றாவது வாரம் போத்தின் பக்கத்தில் பச்சையாய் ஒரு முளை எட்டிப் பார்த்தது. "வந்துட்டான்டீ!" என்று அத்தை போட்ட சத்தத்தில் நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அத்தையின் எலும்பைச் சேர்த்தது ஆபரேஷன்தான். காலுக்கு வலுக் கொடுத்தது பயிற்சிதான். மருந்து மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. முருங்கை செய்தது வேறொன்று: எழுந்திருக்க ஒரு காரணம் கொடுத்தது.

சுவரும் மரமும்

அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். ஒரு நாள், "அம்மா, நம்ம ஆயா கதை மாதிரியே எங்க பாடத்திலும் இருக்கும்மா" என்று இரண்டு விஷயம் சொன்னாள். கேட்டு அசந்துவிட்டேன்.

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் ஒரு ஆஸ்பத்திரியின் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தாராம். 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். சிலருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. சிலருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. வயசு முதலானவற்றில் ஒத்திருந்தவர்களாகப் பார்த்து 23 ஜோடி சேர்த்து ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடுமையான வலி மாத்திரையும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. 1984ல் இதை வெளியிட்டார். அத்தைக்கு நாங்கள் காட்டியது சுவரைத்தானே என்று எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாவது, எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு பெண்மணிகள் 1976ல் வெளியிட்டது. ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் காரியத்தை நீங்களே முடிவு செய்யுங்கள், இதோ செடிகள், பிடித்ததை எடுத்து நீங்களே வளருங்கள்" என்றார்கள். எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதைக்கூட அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு மாடியில், "உங்களை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்; இந்தச் செடிக்கும் நர்சே தண்ணீர் ஊற்றுவாள்" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், முதல் மாடிக்காரர்கள்தான் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்களாம்.

இரண்டு மாடியிலும் செடி இருந்தது, அன்பும் இருந்தது. யார் கையில் பொறுப்பு இருந்தது என்பதில்தான் வித்தியாசம். எங்கள் வீட்டில் நான் அந்த இரண்டாவது மாடி நர்சாக இருந்திருக்கிறேன்!

"செடியோடு பேசினால் வளருமா?" என்று சிலர் கேட்பார்கள். அத்தை தினம் பேசுவார். எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: தினமும் பேசுகிறவர் தினமும் கிட்டே போய்ப் பார்க்கிறார். இலைச் சுருட்டலும் பூச்சி முட்டையும் முதல் நாளே அவர் கண்ணில் படும். பிள்ளை வளர்ப்பும் அப்படித்தானே?

நம் வீட்டில் எப்படிச் செய்யலாம்?

படுக்கையில் இருக்கும் பெரியவருக்கோ, பிரசவமாகி வீட்டுக்குள்ளேயே அடைந்து மனம் சோர்ந்திருக்கும் பெண்ணுக்கோ செடி கொடுப்பதானால், சீக்கிரம் முளைப்பதாகப் பார்த்துக் கொடுங்கள். வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்துத் தூவினால் மூன்று, நாலு நாளில் முளைக்கும். மூன்று வாரத்தில் கீரை பறிக்கலாம். தனியாவைப் பாதியாக உடைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாளாவது ஆகும். கடையில் வாங்கும் புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை நட்டாலே போதும். கற்பூரவல்லியை ஒடித்து வைத்தால் அதுபாட்டுக்கு வளரும். தொட்டி குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். முக்கியமாக, அவர்கள் மறந்துவிட்டார்களே என்று நீங்கள் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாடினால் வாடட்டும்; அவர்களே பார்த்து ஊற்றட்டும். பிரசவித்த பெண்ணின் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் செடியோடு நிறுத்தாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு தடவையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

முருங்கைக்குச் சதுர அடிக் கணக்கில் தோட்டம் வேண்டாம். தண்ணீர் தேங்காத மேட்டு மூலை போதும். இடமே இல்லையென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989ல் வெளியிட்ட பி.கே.எம்.1 விதை ரகத்தைப் பெரிய தொட்டியில் போட்டு, மூன்றடியில் நுனியைக் கிள்ளிக் கிள்ளிக் கீரைக்காகவே வளர்க்கலாம். மரமாக வளர்ப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கிளையைக் கழித்துவிட வேண்டும். "முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்" என்பார்கள். முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. உயரம் விடாமல் ஒடித்தால் காற்றுக்கும் விழாது. இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுவோம்!

கம்பளிப்பூச்சிக்கு நெருப்புப் பந்தம் காட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ரோமம் காற்றில் பறந்து கண்ணில், தோலில் படும், வேண்டாம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள்.

கீரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 மில்லி பாலில் இருப்பது சுமார் 120தான். இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் கீரையின் இரும்பு அப்படியே உடம்பில் ஒட்டாது. இறக்கின பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீயோ காப்பியோ குடித்தால் சேராது; ஒரு மணி நேரமாவது போகட்டும். ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீரை சாப்பிடுகிறோமே என்று இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இளம் தாய்மார்களுக்கு

பச்சிலை என்றால் கெடுதல் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். துளசிச் சாறு, வசம்பு, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம். சளிக்குக் கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து கைகால் துவளச் செய்துவிடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கும்போது கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் குழந்தையை விடாதீர்கள். ஒரு நொடி போதும்.

வாசலில் அழகாகப் பூக்கிற அரளி, நம் மாநில மலரான செங்காந்தள், ஊமத்தை, குன்றிமணி எல்லாமே விஷம். செங்காந்தளின் கிழங்கு உயிரையே வாங்கும். வீட்டுக்குள் அலங்காரத்துக்கு வைக்கிற, அகன்ற இலையில் வெள்ளைப் புள்ளி போட்ட டீஃபன்பேக்கியாவைக் குழந்தை கடித்தால் நாக்கு வீங்கிவிடும். எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்த இலையையோ விதையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வெறுங்கை

"முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்" என்று ஒரு பழமொழி. முருங்கை சாப்பிடுகிறவன் வயசான காலத்திலும் கோல் ஊன்றாமல் கைவீசி நடப்பான் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். அத்தையிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். "எங்க வெறுங்கை? ரெண்டு கையிலயும் வாக்கரு!" என்பார். ஒரு வருஷத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தார். கைத்தடியைக் கடைசி வரைக்கும் விடவில்லை. ஆனால் கைத்தடியோடு 2019ல் ஒரு நாள் எங்களுடன் ஜூவுக்கு வந்தார். வர்தா சாய்த்த இடங்களில் இளசாகக் கன்றுகள் நின்றன. ஒவ்வொன்றிடமும் நின்று நின்று பார்த்தார். புலியைப் பார்க்க நேரமே இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

2022 மாசியில் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்து வீடு அடங்கின பிறகு, ஒரு காலையில் எழுந்ததும் என்னையறியாமல் வாசலுக்குப் போய் முருங்கையின் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.

சிமெண்டுத் தளத்தில் பாதியை இப்போது எடுத்துவிட்டோம். மீதிப் பாதியை வழுக்காமல் சொரசொரப்பாகக் கொத்திவிட்டிருக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் கிளை கழிப்பேன். கழித்த கிளையைக் குப்பையில் போடுவதில்லை. வாசலில் சாய்த்து வைத்தால் யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டில் அத்தையின் முருங்கை நிற்கிறது. போன மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, "அக்கா, இதை எப்படி நடணும்?" என்று கேட்டாள்.

"மேல் முனையில் கொஞ்சம் சாணி அப்பணும்மா" என்று ஆரம்பித்தேன்.

உங்கள் வீட்டிலும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கலாம். நாளைக்கே ஒரு சின்னத் தொட்டியை அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "எப்போது தண்ணீர் ஊற்றணும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.